கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

சித்தப்பா மகன் இரண்டு வருஷம் பணம் சேர்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து உட்கார்ந்தான். ஃபிரேம் முடிவாகிவிட்டது. சக்கரமும் முடிவாகிவிட்டது. "அண்ணே, குரூப்செட்லதான் குழப்பம். காம்பன்யோலோவா ஷிமானோவா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றான்.

ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. சொன்னால் அவன் கடைக்குப் போய்விடுவான், நானும் காப்பியைக் குடித்து முடித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பணத்தை ஒரு வார்த்தையின் பேரில் கொட்டுவது ஜாதகத்தை மட்டும் பார்த்துப் பெண்ணை முடிவு செய்கிற மாதிரி. எழுந்துபோய் என்னுடைய இரண்டு சைக்கிள்களையும் சுவரோரம் நிறுத்தினேன். ஒன்று பழைய காம்பன்யோலோ, இன்னொன்று ஷிமானோ. இரண்டுமே கேபிள் வைத்தவை. "முதல்ல கையை வை, அப்புறம் பேசலாம்" என்றேன்.

ரோடு பைக்கில் ஃபிரேம், சக்கரம், ஹேண்டில்பார், சீட் போக மிச்சமிருப்பது கிட்டத்தட்ட எல்லாமே குரூப்செட்தான்: பிரேக், லீவர், கிராங்க், செயின், பின்னால் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்கள், செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் டீரெய்லர்கள். இதில் உச்சப் படி ஷிமானோவுக்கு டூரா ஏஸ், காம்பன்யோலோவுக்கு சூப்பர் ரெக்கார்ட். ஸ்ராம் என்று மூன்றாவதாக ஓர் அமெரிக்கப் பங்காளி இருக்கிறான். ரோடு பைக்கில் முழுக்கக் கம்பியில்லாத குரூப்செட்டை 2015ல் அறிமுகப்படுத்தியவன் அவன்தான். அவனையும் கூப்பிட்டால் பேச்சு முடியாது, இன்றைக்கு வாசலிலேயே நிற்கட்டும்.

ஷிமானோ லீவரில் கை வைத்தால் முதலில் உறைப்பது, பிரேக் பிடிக்கிற அதே லீவர் பக்கவாட்டிலும் அசைகிறது என்பது. வலது கையில் அதை உள்பக்கம் தள்ளினால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், ஏற்றத்துக்கு லேசாகும். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரைத் தட்டினால் சிறிய பல்லுக்கு இறங்கும். இரண்டு வேலையையும் ஒரே பக்கத்து விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அசைவு மிருதுவாக இருக்கும். கியர் விழுந்ததைக் கை சொல்வதற்கு முன் கால் சொல்லிவிடும்.

காம்பன்யோலோவில் பிரேக் லீவர் பிரேக் மட்டும்தான் பிடிக்கும், பக்கவாட்டில் அசையவே அசையாது. அதன் பின்னால் தனியாக ஒரு லீவர் பெரிய பல்லுக்கு ஏற்றும். இறக்குவதற்குக் கட்டைவிரலுக்கென்று உள்பக்கம் காது மாதிரி ஒரு பொத்தான். ஒரு லீவருக்கு ஒரு வேலை. அழுத்தினால் 'களக்' என்று எலும்பு நெட்டி முறிக்கிற சத்தத்தோடு விழும். உச்சப் படி லீவர்களில் கட்டைவிரலை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஐந்து பல் வரை கீழே ஓடிவிடும். மேட்டின் உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்குகிற அந்த நொடியில் இதற்கு ஈடு கிடையாது. ஷிமானோவின் கேபிள் லீவரில் இறங்குவது ஒவ்வொரு படியாகத்தான், தட்டித் தட்டி. குறையும் சொல்ல வேண்டும். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்து ஓட்டும்போது பழைய காம்பன்யோலோ பொத்தானுக்குக் கட்டைவிரலை எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கும். சின்னக் கைக்காரர்களுக்கு அது நிஜமான தொல்லை.

தம்பி இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். "ரெண்டுமே நல்லாத்தானேண்ணே இருக்கு?" நல்லாத்தான் இருக்கும். ஒருவரை ஒருவர் நாற்பது ஐம்பது வருஷம் துரத்தியிருக்கிறார்களே.

காம்பன்யோலோவின் ஊர் வட இத்தாலியின் விசென்சா. துல்லியோ காம்பன்யோலோவின் அப்பா அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பையன் சைக்கிள் பந்தய வீரன். பெயரிலேயே துல்லியத்தை வைத்துக்கொண்டு பிறந்தவர் என்று தமிழில் மட்டும்தான் சொல்ல முடியும். 1927 நவம்பரில் க்ரோச்சே தௌனே என்ற மலைக்கணவாயில், பனி கொட்டுகிற ஒரு பந்தயத்தில், பின்சக்கரத்தைக் கழற்ற விரல் வராமல் அவர் நின்றுவிட்டாராம். அந்தக் காலத்தில் கியர் மாற்றுவதென்றால் இறங்கி, இறக்கை நட்டைத் திருகி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். விரல்கள் விறைத்துப்போயிருந்தால் நட் எங்கே அசையும்? இந்தக் கதையின் விவரங்களைச் சைக்கிள் வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் நம்புவதில்லை. ஆனால் ஒரு நெம்பைத் தட்டினால் சக்கரம் கையோடு வருகிற குவிக் ரிலீஸ் 1930ல் அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது. 1933ல் கம்பெனி. இன்றைக்கும் ரிம் பிரேக் வைத்த பெரும்பாலான ரோடு பைக்குகளில் சக்கரத்தைப் பிடித்திருப்பது அந்த நெம்பின் வாரிசுதான், ஷிமானோ சைக்கிளிலும்.

ஷிமானோவின் ஊர் ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சகாய். வாள், துப்பாக்கி, சமையல் கத்தி என்று பல நூற்றாண்டுகளாக இரும்படித்த ஊர். வெளிநாட்டு சைக்கிள்கள் ஜப்பானுக்கு வந்தபோது அவற்றைப் பழுதுபார்த்து, பிறகு பாகங்களையே செய்து பழகியவர்கள் இந்தக் கொல்லர்களின் வழிவந்தவர்கள். 1921ல் ஷோசபுரோ ஷிமானோ இரவல் லேத் ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கினார். முதல் சரக்கு ஃப்ரீவீல். வெளியே யார் கண்ணுக்கும் படாத, ஆனால் உடைந்தால் வண்டி நகராத சாமான். அந்த சுபாவம் கம்பெனியை விட்டுப் போகவே இல்லை. தூண்டில் ரீலும் அவர்கள்தான் செய்கிறார்கள். இணையத்தில் ஷிமானோ என்று தேடினால் பாதி மீன்தான் மாட்டும்.

1960கள், 70களில் பந்தய உலகம் பெரும்பாலும் காம்பன்யோலோவின் கையில் இருந்தது. 1972ல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிய கொல்னாகோ சைக்கிளில் காம்பன்யோலோ பாகங்கள். மறு வருஷம் டூரா ஏஸ் வந்தது. ஃப்ளாண்ட்ரியா என்ற பெல்ஜிய அணி அதை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் இறங்கியது. அந்த வருஷ உலகப் போட்டி பார்சலோனாவில். கடைசியில் நான்கு பேர் மிஞ்சினார்கள்: ஜிமோண்டி, மார்ட்டென்ஸ், ஒக்கான்யா, மெர்க்ஸ். அதே வரிசையில்தான் கோட்டையும் தாண்டினார்கள். இரண்டாவதாக வந்த ஃப்ரெடி மார்ட்டென்ஸ்தான் ஷிமானோக்காரர். தன்னை ஜெயிக்கவிடக் கூடாது என்று துல்லியோவே மற்றவர்களிடம் சொல்லிவைத்தார் என்று மார்ட்டென்ஸ் பிற்காலத்தில் சொன்னார். தோற்றவர் பக்கத்துக் கதை, ஆதாரம் எதுவும் கிடையாது. இருந்தாலும் அப்படி ஒரு கதை நம்பும்படியாக இருந்தது என்பதிலிருந்தே, சகாயின் சாமானை ஐரோப்பா எந்தக் கண்ணால் பார்த்தது என்று தெரிகிறது.

நிலைமை தலைகீழானது 1984ல். அதுவரை கியர் மாற்றுவது கைப்பழக்கம். கீழ்க்குழாயில் இருக்கும் நெம்பை இழுத்து, செயின் உரசுகிற சத்தத்தைக் கேட்டு, கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிச் சரிசெய்ய வேண்டும், வீணைக்காரர் ஸ்வரத்தைத் தேடிப் பிடிப்பது மாதிரி. புதிய டூரா ஏஸில் ஷிமானோ ஒவ்வொரு கியருக்கும் ஒரு படி வைத்தது. ஒரு 'கிளிக்', ஒரு கியர், அவ்வளவுதான். இதற்குள் ஒரு பக்கத்து வீட்டுக் கதையும் இருக்கிறது. சன்டூர் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி 1964ல் டீரெய்லரின் இணைகரத்தைச் சாய்வாக வைத்துக் காப்புரிமை வாங்கியிருந்தது. அப்படிச் சாய்த்தால் செயினை வழிநடத்தும் சின்னச் சக்கரம் எந்தப் பல்லுக்குப் போனாலும் அதற்கு ஒரே நெருக்கத்தில் நிற்கும். இருபது வருஷக் கெடு முடிந்ததும் ஷிமானோ அந்தச் சாய்வை எடுத்துத் தன் டீரெய்லரின் ஸ்பிரிங் அமைப்போடு சேர்த்துக்கொண்டது. பயிரிட்டவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன். சன்டூர் பிறகு எழவே இல்லை.

ஆனால் சாய்வு மட்டும் ரகசியம் என்று நினைத்தால் தப்பு. நெம்பு, கேபிள், கேபிள் உறை, டீரெய்லர், செயின், பல் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஷிமானோ சேர்த்தே வடிவமைத்தது. ஒன்றை மாற்றினால் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டது. காம்பன்யோலோ 1987ல் சிங்க்ரோ என்று பதில் கொடுத்தது. ஊரில் இருக்கிற எந்த ஃப்ரீவீலோடும் எந்த செயினோடும் வேலை செய்யட்டும் என்று உள்ளே மாற்றிப்போடும் வளையங்கள் வைத்தார்கள். எண்ணம் பெரிய மனசுக்காரர்களுடையது. வேலைதான் ஆகவில்லை. யாரோடும் ஒத்துப்போகிறேன் என்று கிளம்பிய அது யாரோடும் சரியாக ஒத்துப்போகவில்லை.

(ஷிமானோவும் சறுக்காமல் வந்துவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் காற்றைக் கிழிக்கிறேன் என்று டூரா ஏஸ் ஏ.எக்ஸ். கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டது. அந்தத் தோல்விக்குப் பின்தான் அழகை விட்டுவிட்டு 'கிளிக்'கைப் பிடித்தார்கள்.)

1988 ஜூன் 5ஆம் தேதி ஜிரோ தித்தாலியா என்ற இத்தாலியப் பெரும்பந்தயம் கவியா கணவாயைக் கடந்தது. 2,600 மீட்டருக்கு மேல் உயரம், கொட்டுகிற பனி. அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முதலிடக்காரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தார், கடைசி வரை விடவில்லை. அவர் சைக்கிளில் டூரா ஏஸ். ஷிமானோ பாகங்களோடு ஜெயித்த முதல் ஜிரோ அது. துல்லியோ விரல் விறைத்து நின்றதாகச் சொல்லப்படும் கதைக்கும் இதற்கும் நடுவே அறுபத்தோரு வருஷம். இரண்டும் இத்தாலியப் பனிதான். துல்லியோ இதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1983லேயே போய்விட்டார்.

1990ல் ஷிமானோ கியரை பிரேக் லீவருக்குள் கொண்டுவந்தது. 1992ல் காம்பன்யோலோ எர்கோபவர் என்ற லீவரோடு வந்தது, கட்டைவிரல் பொத்தானோடு. தாமதம்தான், ஆனால் இந்த முறை தன் பாணியில் வந்தது. நான் மேலே சொன்ன இரண்டு கையுணர்வும் அந்த இரண்டு வருஷத்தில் பிறந்தவை.

எனக்கு இரண்டு கம்பெனியின் சுபாவமும் புரிந்தது ஓட்டும்போது இல்லை, செய்தித்தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்தபோது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய எர்கோபவர் ஒன்றை, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு மழைநாளில் பிரித்தேன். நீளமான ஒரு போல்ட்டைக் கழற்றினால் அடுக்கடுக்காக வருகிறது: கேபிளைச் சுற்றும் உருளை, பள்ளம் வெட்டிய வளையம், அந்தப் பள்ளங்களில் விழுந்து 'களக்' சத்தத்தை உண்டாக்கும் அரிசிப்பூச்சி அளவு ஸ்பிரிங் இரண்டு. ஆங்கில ஜி எழுத்து மாதிரி வளைந்திருக்கும். தேய்வதென்றால் முதலில் அவைதான் தேயும். அவற்றைத் தனியாக விற்றார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு, வெடித்துச் சிதறுகிற மாதிரி வரைந்த படமும் கொடுத்தார்கள். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்ப மாட்ட எனக்கு அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு சின்ன வாஷர் மிச்சமாகி, மறுபடி பிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

ஷிமானோ லீவரை அப்படிப் பிரிக்கக் கூடாது. பிரிக்கலாம், கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற பொறுமை இருந்தால். ஆனால் அது பிரிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. மேல் ரப்பர், பெயர்த்தகடு மாதிரிச் சிலவற்றைத் தருவார்கள். உள் இயக்கம் போனால் லீவரையே மாற்று என்பதுதான் அவர்கள் கட்சி. கேட்டால் கோபம் வரும். பத்து வருஷம் திறக்கவே தேவைப்படாத ஷிமானோ லீவர்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கோபம் பாதியாகும். காம்பன்யோலோக்காரன், "இது கெடும், வா, சேர்ந்து சரிசெய்வோம்" என்கிறான். ஷிமானோக்காரன், "இது கெடாது, நீ போய் ஓட்டு" என்கிறான்.

கெடாது என்றவன் வாக்கும் தவறுவதுண்டு. 2019 ஜூலைக்கு முன் செய்த டூரா ஏஸ், அதற்கு அடுத்த படியான அல்டெக்ரா கிராங்குகளில், அலுமினியத்தை இரண்டு பாதியாகச் செய்து நடுவே குடைவாக ஒட்டிய சிலவகைக் கைகள் ஒட்டு விட்டுப் பிரிந்தன. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகளைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 4,500க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பிறகு. பழைய கிராங்கை வாங்குகிறவர்கள் அதன் உள்பக்கத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் பார்க்காமல் பணத்தை நீட்டக் கூடாது.

பழுதுபார்ப்பது சுலபம் என்பதைக் காம்பன்யோலோ விஷயத்தில் முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். 11 கியர் காலத்து செயினைக் கோர்க்க அவர்களுடைய தனிக் கருவி வேண்டும். முள்ளை உள்ளே தள்ளினால் போதாது, அதன் முனையை நசுக்கிப் பரப்பவும் வேண்டும். கருவியின் விலையில் நல்ல செயின்கள் சில வாங்கலாம். அல்ட்ரா டார்க் கிராங்கைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். அச்சு நடுவில் இரண்டாகப் பிரிந்து, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கைகோர்த்துக்கொள்ள, ஒரே போல்ட் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த பேரிங்கை மாற்ற அதற்கென்று ஒரு இழுவைக் கருவி. ஷிமானோ கிராங்குக்கு 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி ஒன்றும் ஒரு பிளாஸ்டிக் மூடித்திருகியும் போதும், பத்து நிமிஷத்தில் கையில் வந்துவிடும்.

பேட்டரி வந்த பிறகு இந்த வித்தியாசமெல்லாம் மங்கத் தொடங்கியது. ஷிமானோவின் மின்கியர் 2009ல், காம்பன்யோலோவுடையது 2011ல். 2021ல் வந்த 12 கியர் டூரா ஏஸுக்குக் கேபிள் வடிவமே கிடையாது. லீவருக்கும் டீரெய்லருக்கும் நடுவே கம்பியில்லை. டீரெய்லர்களிலிருந்து மட்டும் சீட் குழாய்க்குள் இருக்கும் ஒரே பேட்டரிக்குக் கம்பி ஓடும். 2023ல் வந்த சூப்பர் ரெக்கார்ட் வயர்லெஸ்ஸில் அந்தக் கம்பியும் இல்லை. முன்னுக்கு ஒரு பேட்டரி, பின்னுக்கு ஒரு பேட்டரி, ஒன்றை எடுத்து மற்றதில் போட முடியாதபடி வெவ்வேறு வடிவத்தில். விலை, அறிமுகத்தின்போதே 5,000 யூரோவைத் தாண்டியது. சுங்கவரி தனி.

இந்த இரண்டு குரூப்செட்டின் பல் எண்ணிக்கைக்குள் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. காம்பன்யோலோவின் பின் அடுக்கு 10 பற்கள் உள்ள சக்கரத்தில் தொடங்கி 29 பற்கள் வரை போகிறது, முன்னால் 45, 29 பற்கள் உள்ள இரண்டு சக்கரம் கூட உண்டு. ஷிமானோ 11ல் தொடங்கி 34 வரை, முன்னால் 50, 34. ஏற்றத்துக்கான கடைசிக் கியரில் காம்பன்யோலோ 29க்கு 29, ஷிமானோ 34க்கு 34. இரண்டிலும் மிதி ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. கொல்லிமலையின் எழுபது வளைவில் இரண்டுக்கும் ஒரே மூச்சுத்தான் வாங்கும். இறக்கத்தில் ஒன்று 4.5 மடங்கு, மற்றது 4.55. போன பாதைதான் வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. பிரேக்கும் அப்படியே. காம்பன்யோலோ ஜெர்மனியின் மகுராவோடு சேர்ந்து 2017ல் கொண்டுவந்த டிஸ்க் பிரேக், ஷிமானோவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பிடியின் நயத்தில் எனக்கு அதுதான் ஒரு மாற்று மேல்.

அப்படியானால் பந்தய அணிகள் ஏன் காம்பன்யோலோவை விட்டன? டடே பொகாச்சர் 2020, 2021 டூர் தெ பிரான்ஸை காம்பன்யோலோவில்தான் ஜெயித்தார். 2023ல் அவருடைய அணி ஷிமானோவுக்கு மாறியது, 2024ல் ஆண்கள் முதல் பிரிவில் ஒரு அணிகூட காம்பன்யோலோவோடு இல்லை. பொகாச்சர் பாட்டுக்கு ஷிமானோவில் 2024லும் 2025லும் ஜெயித்தார். இது யார் கியர் நன்றாக விழுகிறது என்பதற்கான சாட்சி என்று நான் நினைக்கவில்லை. அணிக்குச் சாமானும் ஆளும் பணமும் யாரால் தொடர்ந்து தர முடிகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆனால் நமக்கும் அது பொருந்துகிறதே, அங்கேதான் இடிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓட்டுகிறவனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் பின்டீரெய்லரின் கொக்கி வளைந்துபோனால், பிரேக் பட்டை தேய்ந்துபோனால், ஞாயிறு காலைக்குள் ஊரிலேயே கிடைக்க வேண்டும். ஷிமானோ சாமான் பெரிய கடைகளில் மேஜைக்கு அடியிலேயே இருக்கும். காம்பன்யோலோ சாமான் என்றால் வெளியூருக்கு எழுதி, காத்திருந்து, வரி கட்டி, வந்து சேர்வதற்குள் சீசன் முடிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவனுக்கான வார்த்தையைச் சொன்னேன். "ஷிமானோ. அதுவும் டூரா ஏஸ் வேண்டாம், அல்டெக்ரா எடு. அதே 12 கியர், அதே மின் இயக்கம், சில நூறு கிராம்தான் கூட. மிச்சக் காசுக்கு நல்ல டயர் வாங்கு."

அவனுக்கு முகம் சின்னதாகிவிட்டது. அண்ணன் இவ்வளவு நேரம் காம்பன்யோலோ புராணம் பாடியதைப் பார்த்து வேறு பதிலை எதிர்பார்த்திருக்கிறான். "அப்ப நீங்க ஏன் இன்னும் இந்தப் பழசை வச்சிருக்கீங்க?"

அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. இரண்டாவது சைக்கிள், அவசரமில்லாத சைக்கிள், மழைநாளில் பிரித்துப் பார்க்க ஒரு சைக்கிள் என்று ஏதோ சொன்னேன். அந்தக் கட்டைவிரல் பொத்தானைக் காம்பன்யோலோவே 2023 வயர்லெஸ்ஸில் எடுத்துவிட்டது என்று சொன்னதும், "அப்ப உங்க கட்சியே தோத்துப்போச்சே!" என்று சிரித்தான். இல்லை, 2025 ஜூனில் 13 கியரோடு வந்த புதிய சூப்பர் ரெக்கார்டில் பொத்தானைத் திரும்ப வைத்துவிட்டார்கள் என்றேன். அதற்குள் அவன் என் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மிதியை ஒரு கையால் சுற்றிக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். களக். களக். ஐந்து பல்லும் ஒரே அழுத்தில் இறங்குகிறதா என்று பார்க்கிறான் போல.